வைகை கற்பிக்கும் பாடம்

வருஷநாட்டு மலைகளில் உற்பத்தியாகும் வைகையானது சுருளியாறு, வராக நதி, மஞ்சளாறு முதலிய உபநதிகளைச் சேர்த்துக்கொண்டு, மதுரை, மானாமதுரை, பரமக்குடி வழியாக ஓடி இராமநாதபுரம் பெரிய கண்மாயை அடைகிறது. எஞ்சும் வெள்ளமே ஆற்றங்கரை என்னும் ஊரின் அருகே கடலிற் சேருகிறது. 1895-ம் வருஷத்தில் பெரியாற்று ஜலம் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இதனுடன் சேர்க்கப்பட்டது. 1959-ல் ஆண்டிபட்டிக்கருகே அணையும் எழுந்தது.

கடலை அரிதாகவே அடையும் நதியைச் சிலர் இழிவாகப் பேசுவர். வழியெங்கும் கால்களாய்ப் பிரிந்து கண்மாய்களை நிரப்பிப் பயிரை விளைவித்த நதி, தன் கடமையை முடித்ததென்பதே நமது அபிப்பிராயம்.

கோவிலூர், காரைக்குடிப் பகுதிக் கண்மாய்களோ பெரும்பாலும் மழையையே நம்பியவை. மலையும் அணையும் இவற்றிற்கில்லை. வரத்துக்காலே இவற்றின் நதி. வடகிழக்குப் பருவமழை சில நாட்களிற் பெய்து ஓய்ந்துவிடும். அந்நாட்களிற் கால் அடைபட்டிருப்பின் அவ்வருஷத்துச் சாகுபடி போயிற்று. ஆயினும், வரப்பை நகர்த்திக் காலை உழுவோர் வெளியூரார் அல்லர், நிலமுடைய நம்மவர்களே. ஒரு முழ அகலம் ஒருவருக்கு லாபம். ஆயக்கட்டு முழுமைக்கும் நஷ்டம்.

2017-ல் அரசாங்கத்தார் குடிமராமத்தைப் புதுப்பித்தனர். ஆயின், தூர்வாரிய கண்மாயும் வரத்தின்றேல் வெறுங்குழியே. ஆகையால், ஆவணி முடியுமுன் கிராம நிர்வாக அலுவலர்கள் புலப்படத்தைக்கொண்டு வரத்துக்கால்களை அளப்பித்துக் கல் நடுவிக்க முயலவேண்டும். ஆக்கிரமித்தோர் நோட்டீசுக்குக் காத்திராமல் தாமே விட்டுவிடுதல் நலம். பெரிய பட்டாதாரர்கள் இதில் முந்திக்கொள்வார்களாயின் ஏனையோர் தாமே பின்பற்றுவர்.