ஒரு மேட்ச் பார்த்து மார்க் போடலாமா?



கிரிக்கெட்டையே பேசும் நாம், ஹாக்கி முன்கள வீரர் கார்த்தி செல்வத்தைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம். சொந்த ஊர் அரியலூர். ஆனால் ஹாக்கி பயின்றது நம் மாவட்டத்துக் கோவில்பட்டி விடுதியில்தான்.

2022 மே மாதம் ஆசியக் கோப்பை. இந்தியாவுக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டார். நவம்பரில் புவனேஸ்வரில் நியூசிலாந்துக்கு எதிராக 2 கோல். ஆனாலும் 2023 ஜனவரி உலகக் கோப்பை அணியில் இடம் இல்லை. மன்தீப் சிங், லலித் உபாத்யாய் மாதிரி அனுபவசாலிகளுக்கு நடுவே இடம் பிடிப்பது லேசா?

அவர் சோர்ந்து போகலை. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபியில் மலேசியாவை 5-0 என வென்றபோது முதல் கோல் அவருடையது. கோப்பையும் நமக்கே! பிறகு ஆசிய விளையாட்டு அணியில் மறுபடியும் இடம் இல்லை. அதனால் அவர் ஆடியது வீணா? இல்லை என்பதே என் கருத்து.

நம்ம வகுப்பு டீம்ல ஒரு மேட்ச் சொதப்பினா உடனே தூக்கிடுறோம். அதிலும் பெண் பிள்ளைகள் அதோட மட்டையைத் தொடுறதே இல்லை. ஒரு முங்குல சங்கு கிடைக்கலைன்னா, மறுநாள் அந்த ஆளை வள்ளத்துல ஏத்தாமலா விடுறாங்க? இன்னொரு வாய்ப்பு கொடுங்க. அப்புறம் மார்க் போடுங்க!

– 9ஆம் வகுப்பு மாணவி