பாலைவெளியைக் கடக்க ஒரு கணக்கு



ஒரு கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. 1,660 கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரமாகும்? இது போன்ற கணக்கை நீங்கள் எத்தனையோ முறை போட்டிருப்பீர்கள். 20 மணி 45 நிமிடம் என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்தக் காரைச் சற்றுக் கவனியுங்கள். அதன் டயர் வெடிப்பதில்லை. ஓட்டுநருக்குத் தாகம் எடுப்பதில்லை, தூக்கமும் வருவதில்லை. எதிர்காற்று வீசுவதில்லை. குறுக்கே எந்த விலங்கும் பாய்வதில்லை. இப்படி ஒரு கார் கணக்குப் புத்தகத்தில் மட்டுமே ஓடும்.

தூரத்தை வேகத்தால் வகுத்துவிட்டால் பயணத் திட்டம் தயார் என்று பலர் எண்ணுகிறார்கள். எல்லாம் சரியாக நடந்தால் எப்போது போய்ச் சேருவோம் என்பது திட்டத்தின் எளிய பாதி. ஏதேனும் தவறிப்போனால் எத்தனை நாள் தாங்குவோம் என்பது கடினமான பாதி. இந்த இரண்டாம் பாதியைப் போட்டுப் பார்க்காதவர் ஆளற்ற பாலைவெளியில் வண்டியை இறக்கக்கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று ஓர் உண்மையான இடத்தை வைத்தே பார்ப்போமா?

மரமில்லாச் சமவெளி

ஆஸ்திரேலியாவின் தென்கரையை ஒட்டி நல்லர்போர் என்னும் சமவெளி இருக்கிறது. 'மரம் எதுவும் இல்லை' என்று பொருள்படும் லத்தீன் சொற்களால் ஆன பெயர் இது. பரப்பு சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர். அதன் தென்விளிம்பை ஒட்டிச் செல்லும் எய்ர் நெடுஞ்சாலை, கிழக்கே போர்ட் அகஸ்டாவையும் மேற்கே நார்ஸ்மனையும் இணைக்கிறது. நம் கணக்கில் வந்த 1,660 கிலோமீட்டர் இதன் நீளம்தான். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சென்று திரும்பினாலும் அவ்வளவு தூரம் ஆகாது. சாலையில் பல்லடோனியா, கைகூனா என்னும் இரு ஊர்களுக்கு இடையே 146.6 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது.

இங்கே ஆறு இல்லை. மழை கொஞ்சமாவது பெய்கிறதே, அந்த நீர் எங்கே போகிறது என்று கேட்கலாம். நிலம் முழுவதும் சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, பிளவுகளையும் குகைகளையும் உண்டாக்கிவிட்டது. ஆகவே பெய்யும் மழை தரையில் ஓடாமல் உள்ளே இறங்கிவிடுகிறது. அடியில் இருக்கும் நீரும் பெரும்பாலும் உப்பு நீரே. வேதியியல் பாடத்தில் படித்த அதே வினைதான் இங்கே பயணியின் தண்ணீர்க் குடத்தை வெறுமையாக்குகிறது.

பெட்ரோலும் காற்றும்

முதலில் பலரும் அஞ்சுவது பெட்ரோல் தீர்ந்துவிடுமே என்றுதான். இந்த நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் நிலையத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, அதிகமாகப் போனால் 190 கிலோமீட்டர் அளவுதான். ஒரு சாதாரணக் காருக்கு இது பெரிதல்ல. ஆனாலும் 'ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்' என்பது மாறாத எண் என்று நம்பிவிடாதீர்கள். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 110 கிலோமீட்டரில் செல்லும் கார் மீது 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று வீசினால், காரைப் பொறுத்தவரை காற்றின் வேகம் 140. தடை 1.6 மடங்காகிறது. பெட்ரோல் செலவு அதே விகிதத்தில் ஏறாவிட்டாலும் கணிசமாக ஏறிவிடும்.

மேலும், அடுத்த நிலையம் மூடிக் கிடந்தால் என்ன செய்வீர்கள்? இந்தச் சாலையின் நடுப்பகுதியில் கடிகாரமே வேறு. மேற்கு ஆஸ்திரேலிய நேரத்தை விட 45 நிமிடம் முன்னதாக வைத்திருக்கிறார்கள். அதை அறியாதவர் கதவு சாத்திய பிறகு போய் நிற்பார். ஆகவே அடுத்த நிலையம் வரை போகவும், அங்கிருந்து திரும்பி வரவும் போதுமான பெட்ரோலுடன்தான் புறப்பட வேண்டும்.

உண்மையான ஆபத்து

இப்போது ஒரு வியப்பான செய்தி. பயணிகள் அதிகம் அஞ்சும் பெட்ரோலை விட, அவ்வளவாக அஞ்சாத தூக்கமும் அந்திப்பொழுதுமே இங்கே பெரிய ஆபத்துகள். மணிக்கு 110 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 30 மீட்டர். வளைவே இல்லாத சாலையில் கண்ணுக்கும் கைக்கும் வேலையில்லை. இமை தானாக மூடும். 3 வினாடி கண்ணயர்ந்தால் 90 மீட்டர் ஓட்டுநர் இல்லாத கார் ஓடியிருக்கும்.

கங்காருக்கள் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் நடமாடும். ஒன்றைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்குள் ஒரு வினாடியாவது ஆகும். அதற்குள் 30 மீட்டர் கடந்துவிடும். பிறகு வண்டி நிற்க இன்னும் 65 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆக மொத்தம் 100 மீட்டர் அளவு. தாழ்வாக்கிய முகப்பு விளக்கு தெளிவாகக் காட்டும் தூரமோ அதில் பாதியை விடச் சற்றே அதிகம். கண்ட பிறகு நிறுத்த முடியாத வேகத்தில் இருட்டில் ஓட்டுவது வீரம் ஆகுமா? பகலில் மட்டும் ஓட்டுவது, இரண்டு மணிக்கு ஒருமுறை இறங்கி நடப்பது, மூன்று நாளாகப் பிரித்துக்கொள்வது. இவையே சரியான திட்டம்.

வண்டி நின்றுவிட்டால்

நெடுஞ்சாலையில் நின்றுபோனால் சிறிது நேரத்தில் ஏதாவது ஒரு லாரி வரும். ஆனால் குகை பார்க்கவோ பழைய ரயில் பாதையைப் பார்க்கவோ மண்பாதையில் திரும்பியவருக்கு அந்த உறுதி இல்லை. அங்கே வண்டி நின்றால் மனம் சொல்லும் முதல் வார்த்தை 'நடந்து போய்விடலாம்' என்பதாகவே இருக்கும். அந்த வார்த்தையைக் கேட்டு உயிரிழந்தவர்கள் ஆஸ்திரேலியப் பாலைகளில் உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2019 டிசம்பரில் நல்லர்போரில் வெப்பம் 49.9 டிகிரி செல்சியஸ் வரை ஏறியது. நம் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. வெளிக்காற்று அதை விடச் சூடாக இருக்கும்போது உடல் வெப்பத்தை வெளியேற்ற வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. கடும் வெயிலில் நடப்பவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்க்கலாம். மணிக்கு 4 கிலோமீட்டர் வீதம் 60 கிலோமீட்டர் நடக்க 15 மணி நேரம். 15 லிட்டர் தண்ணீர். அதாவது 15 கிலோ சுமை. அதைத் தூக்கி நடந்தால் இன்னும் வியர்க்கும்! வண்டியின் நிழலில் அசையாமல் இருப்பவருக்கோ இதில் சிறு பங்கே போதும். தேடி வரும் விமானிக்கும் மனிதரை விடக் கார் எளிதில் தென்படும். ஆகவே வண்டியை விட்டு அகலாதீர்கள் என்னும் விதி வெறும் அறிவுரை அல்ல. கூட்டல் பெருக்கலில் வரும் விடை.

இந்த விடைக்கு ஏற்பத் தண்ணீர் எடுக்க வேண்டும். நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 லிட்டருக்குக் குறையாமல், காத்திருக்க நேரும் மூன்று நாளுக்கும் சேர்த்து. அதையும் ஒரே பெரிய கலத்தில் வைக்கக்கூடாது. மூன்று கலங்களில் வைத்தால் ஒன்று ஓட்டையானாலும் இரண்டு மிஞ்சும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'இந்தப் பாதையில் போகிறேன், இந்த நாளில் செய்தி வராவிட்டால் தேடத் தொடங்குங்கள்' என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டும்.

"கையில் தொலைபேசி இருக்கிறதே" என்பீர்கள். இந்த வெளியின் பெரும்பகுதியில் சாதாரணக் கைபேசிக்குச் சமிக்ஞை கிடையாது. செயற்கைக்கோள் வழியாக அபாய அறிவிப்பு அனுப்பும் கருவிகள் உண்டு. அவசியம் கொண்டுபோக வேண்டும். ஆனால் அந்தக் கருவி நீங்கள் இருக்கும் இடத்தைத்தான் சொல்லும். உதவி வந்து சேரும் வரை உங்களைக் காப்பது கையில் உள்ள தண்ணீர்.

சாகசம் என்பது எது?

"எல்லாவற்றையும் திட்டமிட்டால் சாகசம் எங்கே?" என்றும் ஒரு கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். இந்தச் சாலைக்குப் பெயர் தந்த எட்வர்ட் ஜான் எய்ரைப் பார்ப்போம். அவர் 1841 பிப்ரவரியில், ஜான் பாக்ஸ்டர் என்பவருடனும் மூன்று பழங்குடி இளைஞர்களுடனும் மேற்கு நோக்கிக் கிளம்பினார். வழியில் பாக்ஸ்டர் கொல்லப்பட்டார். இரு இளைஞர்கள் உணவுப் பொருள்களுடன் ஓடிவிட்டனர். எஞ்சிய எய்ரும் வைலி என்ற பழங்குடி இளைஞரும் 1841 ஜூலையில் ஆல்பனி நகரை அடைந்தார்கள்.

அவர்களைக் காப்பாற்றியது துணிவு மட்டுமா? கடற்கரை மணல்மேடுகளில் எங்கே தோண்டினால் குடிநீர் கிடைக்கும் என்று காட்டியவர்கள் அங்கு வாழ்ந்த பழங்குடி மக்கள். சில மரங்களின் வேர்களிலிருந்து நீர் எடுக்கும் வித்தையும் அவர்களுடையதே. செடிகளில் படிந்த பனித்துளியை எய்ர் பஞ்சால் ஒற்றிப் பிழிந்து குடித்தார். கடைசிக் கட்டத்தில், கரையோரம் நின்ற ஒரு பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பல் இருவரையும் சுமார் இரண்டு வாரம் பேணியது. அறிவும் துணையும் நற்பேறும் சேர்ந்துதான் அந்தப் பயணம் முடிந்தது. நற்பேற்றைக் கூடையில் எடுத்துப் போக முடியாது. மற்ற இரண்டையும் எடுத்துப் போகலாம். ஆகவே அந்த நிலத்தில் வாழ்கிறவர்களைக் கேட்டறிவதும் திட்டத்தின் ஒரு பகுதியே.

திட்டம் போடுவது அச்சத்தின் அடையாளம் என்பதை நான் ஏற்கமாட்டேன். ஒருவர் கணக்குப் போடாமல் போய்ச் சிக்கிக்கொண்டால், அவரைத் தேடப் பலர் தம் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது. தன் சாகசத்தின் விலையைப் பிறர் தலையில் சுமத்துவது எப்படி வீரமாகும்?

நீங்களும் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். அடுத்த பள்ளிச் சுற்றுலாவுக்கு முன்பு, புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதும் தாளின் மறுபுறத்தில், 'வண்டி நின்றுவிட்டால்' என்று தலைப்பிட்டு எழுதத் தொடங்குங்கள். எத்தனை பேர், எவ்வளவு தண்ணீர், அடுத்த ஊர் எவ்வளவு தூரம், யாருக்குச் செய்தி? முன்பக்கத்தை விட மறுபக்கத்தை நிரப்ப நேரம் அதிகம் பிடிக்கும். அதுதான் கணக்கு.