முஹர்ரம் பிறையும் நம் தீர்மானங்களும்

ஆவடி என்னும் ஊரின் பெயரை இந்திய வரலாற்று நூல்களில் இடம்பெறச் செய்தது ஒரு தீர்மானமே ஆகும். 1955-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், யு.என். தேபர் தலைமையில் அங்குக் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயத்தை அமைப்பதே நாட்டின் இலக்கு என்று தீர்மானம் நிறைவேற்றியது. அவ்விலக்கு எவ்வளவு தூரம் எட்டப்பட்டது என்ற வாதம் இன்றளவும் ஓயவில்லை. அது நமக்கு இங்கே வேண்டியதில்லை. நாம் நோக்க வேண்டியது, அத்தீர்மானத்திற்குப் பின் நடந்தவற்றையே ஆகும். மறு ஆண்டே தொழிற்கொள்கை வகுக்கப்பட்டது; இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. 1961-இல் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965-இல் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அறுபதுகளிலேயே பக்கத்து ஊரில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்தது. இவை யாவும் அந்த ஒரே தீர்மானத்தின் பயன் என்று கூறுவதற்கில்லை. எனினும் ஓர் உண்மை விளங்குகிறது. தீர்மானம் நிறைவேற்றுவது ஒரு நாள் வேலை. அதை ஆண்டுத் திட்டமாகவும், மாதக் கணக்காகவும், அன்றாடம் ஒலிக்கும் ஆலைச் சங்காகவும் பகுத்துக்கொண்ட பின்னரே ஒரு செங்கல்லாவது மேலெழும்புகிறது.

நாட்டுக்குப் பொருந்தும் இந்த நியதி வீட்டுக்கும் பொருந்தும். நமக்கு ஆண்டில் இரு முறை புத்தாண்டு பிறக்கிறது. ஒன்று ஜனவரியில், மற்றொன்று முஹர்ரம் பிறையில். அவ்வேளைகளில் நல்லெண்ணம் கொண்ட பலர் தமக்குள் உறுதி பூணுகின்றனர். இனி ஐவேளையும் ஜமாஅத்துடன் தொழுவது, நாளுக்கு ஒரு ஜுஸ்வு ஓதுவது, வட்டிக் கடனை அடியோடு ஒழிப்பது, புகையிலையைத் தொடாதிருப்பது என்று பட்டியல் நீள்கிறது. முதல் வாரம் எல்லாம் செவ்வனே நடைபெறுகிறது. அடுத்த வாரம் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு வருகிறது. அல்லது பிள்ளைக்குக் காய்ச்சல் காண்கிறது. ஒரு நாள் தவறுகிறது, மறுநாளும் தவறுகிறது. பத்தாம் நாள், 'இது நமக்கு ஆகாத காரியம்' என்று மனம் சோர்ந்து விடுகிறது.

இதில் உள்ள இழப்பு வெறும் தீர்மானத்தின் இழப்பு மட்டுமன்று. அத்தீர்மானத்திற்கு முன் அவர் வாரத்தில் சில நாட்களேனும் சுப்ஹுத் தொழுகைக்குப் பள்ளிக்குச் சென்று கொண்டிருந்திருப்பார். இப்போது வெட்கத்தால் அதையும் விட்டுவிடுகிறார். பெரியதைப் பிடிக்கப் போய்க் கைவசம் இருந்த சிறியதும் நழுவி விடுகிறது. ஆகவே, தீர்மானம் செய்வதற்கு முறை உண்டா என்பது விளையாட்டான வினா அன்று. ஈமானைப் பற்றிய வினா ஆகும்.

முஹர்ரம் முதல் நாளுக்கென்று தனியான வணக்கம் எதனையும் மார்க்கம் விதிக்கவில்லை என்பதை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும். ஆயினும் ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கிலேயே நமக்கு ஒரு பாடம் அமைந்திருக்கிறது. கலீபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் ஆண்டுக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்ற ஆலோசனை எழுந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனா சென்ற ஹிஜ்ரத்தே தேர்ந்து கொள்ளப்பட்டது. அண்ணலார் மதீனாவை அடைந்ததோ ரபீஉல் அவ்வல் மாதத்தில். அவ்வாறிருக்க, ஆண்டு முஹர்ரமில் தொடங்குவானேன்? ஹதீஸ் விரிவுரையாளர் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் இதற்கு அழகிய காரணம் ஒன்றைக் கூறுகிறார். துல்ஹஜ் மாதத்தில் அகபா கணவாயில் மதீனத்து மக்கள் உறுதிப் பிரமாணம் அளித்தனர். அதன் பின்னரே ஹிஜ்ரத் செய்யும் உறுதி உருவாயிற்று. அவ்வுறுதிக்குப் பின் தோன்றிய முதல் பிறை முஹர்ரம் பிறை என்பதே அவர் தரும் விளக்கம். அதாவது, நம் ஆண்டு ஓர் உறுதி பிறந்த மாதத்திலிருந்து எண்ணப்படுகிறது.

அந்த உறுதி எவ்வாறு நிறைவேறியது என்பதையும் காண வேண்டும். அபூபக்ர் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை நான்கு மாத காலம் தீனி போட்டு வளர்த்து ஆயத்தமாக வைத்திருந்தார்கள். வழிகாட்டியை முன்னரே அமர்த்தியிருந்தார்கள். தௌர் குகையில் தங்கிய மூன்று இரவுகளிலும் மக்காவின் செய்தியைக் கொண்டு வர மகன் அப்துல்லாஹ், பாலுக்கு ஆடுகளை ஓட்டி வர ஆமிர் இப்னு ஃபுஹைரா, பயண உணவைக் கட்டித் தர மகள் அஸ்மா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பணி இருந்தது. அல்லாஹ்வின் மீது முழு நம்பிக்கை வைத்திருந்த பெருமக்களே இத்தனை ஏற்பாடுகளையும் செய்தார்கள் என்றால், கடிகாரத்தில் அலாரம் கூட வைக்காமல் சுப்ஹுக்கு எழுவேன் என்று நாம் உறுதி கொள்வது எவ்வகையில் தகும்?

இனி, அளவைப் பற்றிப் பார்ப்போம். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் இளமையில் ஆர்வ மிகுதியால் தினமும் நோன்பிருக்கவும் இரவு முழுதும் தொழவும் உறுதி கொண்டார்கள். அண்ணலார் (ஸல்) அவரை அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர் மீது உரிமை உண்டென்று அறிவுறுத்தி, மாதம் மூன்று நோன்புகள் போதும் என்றார்கள். அவரோ மேலும் வேண்டும் என்று வற்புறுத்தி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நோன்பு என்ற அளவுக்கு அனுமதி பெற்றார்கள். முதுமையில் உடல் தளர்ந்தபோது, அன்று நபியவர்கள் தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று ஏங்கினார்கள். ஆயினும் ஏற்றுக்கொண்டதைக் கைவிடவில்லை. குறைவாக இருப்பினும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானது என்ற நபிமொழியை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதும் இக்கருத்தையே வலியுறுத்துகிறது.

மூன்றாவதாக, நாளை செய்வேன் என்று சொல்லும்போது 'இன்ஷா அல்லாஹ்' என்று சேர்த்துச் சொல்லுமாறு திருக்குர்ஆனின் கஹ்பு அத்தியாயம் கற்பிக்கிறது. நம்மிடையே இச்சொல் சில வேளைகளில் தட்டிக் கழிப்பதற்கான சொல்லாகி விட்டது வருந்தத்தக்கது. இதன் உண்மைப் பொருளை ஆஷூரா நோன்பு விளக்கும். முஹர்ரம் பத்தாம் நாள் நோன்பிருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அல்லாஹ் நாடினால் அடுத்த ஆண்டு ஒன்பதாம் நாளும் நோன்பிருப்பதாகக் கூறினார்கள். அடுத்த ஆண்டு வருமுன்னரே அவர்கள் இவ்வுலகைப் பிரிந்தார்கள். எனினும் அந்த நாட்டம் வீணாகவில்லை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இன்று எத்தனையோ இல்லங்களில் முஹர்ரம் ஒன்பதாம் நாள் ஸஹர் உணவுக்கு அடுப்பு எரிகிறதே, அது அண்ணலாரின் அந்த நாட்டத்தை அவர்களின் சமுதாயம் நிறைவேற்றும் காட்சியன்றோ!

தவறிய நாளை என் செய்வது? நோயிலும் பயணத்திலும் விடுபட்ட வழக்கமான நற்செயல்களுக்கும் உரிய நன்மை எழுதப்படும் என்று நபிமொழி ஆறுதல் அளிக்கிறது. அந்த ஆறுதல் வழக்கமாகச் செய்து வருபவருக்கே உரியது என்பதையும் மறந்துவிடலாகாது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010-இல் அச்சேறிய ஆய்வொன்றும் இங்கு நினைக்கத் தக்கது. ஒரு சிறு செயல் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதுமாயின. சிலருக்கு 250 நாட்களுக்கு மேல் ஆகும் எனக் கணக்கிடப்பட்டது. இடையே ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்றும் அவர்கள் கண்டனர். ஆகவே, தவறிய நாள் கேடன்று. தவறியதைச் சாக்காகக் கொண்டு முழுவதையும் விடுவதே கேடு. உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப் போட்ட பெண்ணைப் போல் ஆகிவிடாதீர்கள் என்று திருக்குர்ஆன் எச்சரிப்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எனவே, பட்டியலைச் சுருக்குவோம். ஒருவருக்கு ஒரு தீர்மானம் போதும். அதை ஏற்கெனவே நடந்துவரும் ஒரு செயலோடு முடிந்து வைப்போம். ஆவடியில் மின்சார ரயில் ஏறுபவர் இருக்கையில் அமர்ந்ததும் ஒரு பக்கம் ஓதலாம். சம்பளம் வந்த அன்றே, வேறு செலவுக்கு முன், பழைய கடனுக்கென ஒரு சிறு தொகையை இல்லத்தரசி எடுத்து வைக்கலாம். இரவு ஷிப்டுக்காரர் தம் ஷிப்டுக்கு ஏற்ற ஒரு நேரத்தைக் குறித்துக் கொள்ளலாம். மற்றவர் அட்டவணை அவருக்குப் பொருந்தாது. ஹிஜ்ரத்தில் ஒரு குடும்பமே துணை நின்றது போல, வீட்டில் ஒருவரின் உறுதிக்கு மற்றவர் துணை நிற்கட்டும். குத்திக் காட்டுதல் வேண்டாம். பள்ளிவாசல் மிம்பரில் நின்று உபதேசிப்போரும், இளைஞரிடம் பெரும் வாக்குறுதிகளைக் கேட்பதினும், ஆண்டு முழுதும் விடாது செய்யத்தக்க ஒன்றைக் கேட்பது நலம்.

சந்திர ஆண்டு ஏறத்தாழ 354 நாட்களே கொண்டது. முஹர்ரம் ஆண்டுதோறும் பதினொரு நாள் அளவு முன்னே நகர்ந்து, கோடையிலும் மழையிலும் மாறி மாறி வருகிறது. உறுதி பூணுவதற்கென்று தனிப் பருவம் இல்லை என்பதையே இது நமக்கு உணர்த்துவது போலும். இன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின் எஞ்சிய பொழுதே அதற்குப் போதுமானது. எடுத்த சிறு நற்செயலை இறுதி மூச்சுவரை விடாது செய்யும் பேற்றினை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.