நாகைக்கு எந்த அலை?

சென்னையிலுள்ள ஹாம் ஒருவர் 14 மெகாஹெர்ட்ஸில் இத்தாலியுடன் தெளிவாகப் பேசிவிடலாம். அதே கருவியில் நாகப்பட்டினத்தை அழைத்தால் பெரும்பாலும் இரைச்சல்தான் கேட்கும். தூரமோ நேர்கோட்டில் ஏறத்தாழ 260 கிலோமீட்டர்!

இதில் மர்மம் ஒன்றுமில்லை. தரையை ஒட்டிச் செல்லும் அலை சில பத்துக் கிலோமீட்டருக்குள் வலுவிழந்துவிடும். மேலே செல்லும் அலை சுமார் 300 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்ப வேண்டும். சாய்வாகச் செல்லும் 14 மெகாஹெர்ட்ஸ் அலை திரும்பி வெகுதொலைவில் இறங்கும். நாகையில் இறங்க வேண்டுமானால் அது ஏறக்குறைய நிமிர்ந்து ஏற வேண்டும். அப்படி ஏறினால் பெரும்பாலான வேளைகளில் மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்கே போய்விடுகிறது.

ஆகவே 100 முதல் 500 கிலோமீட்டர் வரை பகலில் 7 மெகாஹெர்ட்ஸ், இரவில் 3.5 மெகாஹெர்ட்ஸ் என்பதே என் கட்சி. பகலிலும் 3.5 கூடாதா எனக் கேட்பீர்கள். சூரிய ஒளியால் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உண்டாகும் 'டி' அடுக்கு, குறைந்த அதிர்வெண்களை அதிகமாக விழுங்கிவிடும். இரவில் அந்த அடுக்கு மறைகிறது. ஆனால் மேலடுக்கும் மெலிவதால் 7 மெகாஹெர்ட்ஸும் துளைத்துப் போகத் தொடங்கும். 3.5-இல் இடிமின்னலின் கரகரப்பு உண்டு, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஐரோப்பியக் கையேடுகளின் அட்டவணையை இங்கே அப்படியே பின்பற்றாதீர்கள். சூரியப் புள்ளிகள் குறைந்த ஆண்டுகளில் அங்கே பகலில்கூட 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து ஊருக்கு எட்டாமல் போவதுண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடிக்கு அருகே செல்வதால், நமக்கு மேலே பகல்நேர அயனி மண்டலம் அடர்த்தியானது.

ஆன்டெனாவை உயரத்தில் கட்டுவதே பெருமை என்ற எண்ணமும் இங்கே உதவாது. 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 20 மீட்டர் நீளக் கம்பி போதும். அதைத் தரைக்கு இணையாக, 10 மீட்டருக்கு மேற்படாத உயரத்தில் கட்டினால், தரையே கண்ணாடிபோல் அலையை மேல்நோக்கித் திருப்பும். நட்டுக்குத்தாக நிற்கும் கம்பியோ தலைக்கு மேலே மிகக் குறைவாகவே அனுப்பும்.

தூரதேசத் தொடர்புகளுக்கு அட்டை சேகரிப்பது இனிய பொழுதுபோக்கே. நான் குறை கூறவில்லை. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் நாகைப் பகுதியின் மின்கம்பங்களைச் சாய்த்தது. அத்தகைய இரவில் தேவைப்படுவது இத்தாலி அல்ல, சென்னை. ஹாம் மன்றங்கள் மாதம் ஓரிரவாவது கார் பாட்டரியில் 3.5 மெகாஹெர்ட்ஸை இயக்கி அடுத்த மாவட்டங்களை அழைத்துப் பார்க்க வேண்டும். அதற்கான கம்பி சுமார் 40 மீட்டர். மொட்டைமாடியில் இடம் போதாவிட்டால் இரு நுனிகளையும் மடக்கித் தொங்கவிடலாம்.