தையில் வந்த கேம் மார்கழியில் மறந்துபோகுமா?

வீடியோ கேம் ரசிகர்களிடம் ஆண்டுதோறும் கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் வெளியாகும் கேம்களை விருதுக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள், தீபாவளியை ஒட்டி வருபவைதான் பரிசை அள்ளிக்கொண்டு போகின்றன என்பது அது. கேட்டால் நியாயமாகத்தான் படும். இந்தத் துறையில் உலகமே கவனிக்கும் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழா டிசம்பரில் நடக்கிறது. நவம்பர் மூன்றாம் வாரவாக்கில் கதவை மூடிவிடுவார்கள்; அதுவரை வந்தவைதான் அந்த ஆண்டுக் கணக்கு. நூற்றுக்கும் மேற்பட்ட ஊடகங்களின் வாக்குக்கு 90 சதவீத மதிப்பு, ரசிகர்களின் வாக்குக்கு 10 சதவீதம். பொங்கல் விடுமுறையில் விளையாடியதைப் பத்து மாதம் கழித்து யார் நினைவில் வைத்திருப்பார்கள்? இப்படி நம்பிக்கொண்டு, தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ உட்கார்ந்து கேம் உருவாக்கும் ஓர் இளைஞர் தன் வெளியீட்டை நவம்பருக்குத் தள்ளிப்போட்டால் இழப்பு அவருக்குத்தான். ஏனென்றால் பழைய முடிவுகள் வேறு கதை சொல்கின்றன.

அந்த விழா 2014-இல் தொடங்கியது. 2025 வரை ஆண்டின் சிறந்த கேம் என்று அறிவிக்கப்பட்டவை பன்னிரண்டு. அவற்றில் ஒன்பது ஆண்டின் முற்பாதியில் வந்தவை. 2022-இல் வென்ற ‘எல்டன் ரிங்’ பிப்ரவரியில் வந்தது. 2017-இன் ‘செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’, 2019-இன் ‘செகிரோ’, 2021-இன் ‘இட் டேக்ஸ் டூ’ மூன்றும் மார்ச் வெளியீடுகள். ‘காட் ஆஃப் வார்’ (2018), ‘கிளேர் ஆப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33’ (2025) இரண்டும் ஏப்ரலில் வந்தன. ‘விட்சர் 3’, ‘ஓவர்வாட்ச்’ மே மாதம். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2’ ஜூன். அக்டோபருக்குப் பிறகு வந்து வென்றது 2014-இன் ‘டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன்’ மட்டும்தான். பெரிய நிறுவனங்கள் தங்கள் பெரிய வெளியீடுகளைப் பண்டிகை விற்பனைக்காக செப்டம்பர் முதல் நவம்பர் வரையில்தான் குவிக்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கடைசியில் வருபவர்கள்தான் கூட்டம். பரிசு என்னவோ முன்னால் வந்தவர்களுக்கு.

இதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். திரைப்படத்தை இரண்டரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். தியேட்டரில் இரண்டு மூன்று வாரம் ஓடிவிட்டுப் போய்விடும். ஒரு பெரிய கேமை முடிக்க 50 மணி நேரம், 100 மணி நேரம்கூட ஆகும். நவம்பரில் கைக்கு வந்ததை நடுவர் ஒருவர் முழுசாக விளையாடி முடிக்கவே நாள் போதாது. பிப்ரவரியில் வந்ததென்றால் அதை விளையாடி, மற்றவர்களோடு வாதாடி, குறை தீர்த்து வரும் புதிய பதிப்பை மறுபடி திறந்து பார்த்து ஒரு முடிவுக்கு வர நேரம் இருக்கிறது. ‘எல்டன் ரிங்’ மூன்று வாரத்துக்குள் ஒரு கோடியே இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதைப் பற்றிய பேச்சு அந்த ஆண்டு முழுக்க ஓயவில்லை. முந்தி வந்ததற்குக் காலம் பகையாகவில்லை, துணையாக நின்றது.

வென்றவற்றை மட்டும் எண்ணினால் போதுமா, பரிந்துரைப் பட்டியலைப் பாருங்கள் என்று யாராவது மறுக்கலாம். மறுப்பு சரியானதே. 2023-இல் சிறந்த கேமுக்கான இறுதிப் பட்டியலில் இருந்த ஆறில் மூன்று அக்டோபரில் வந்தவை. ஜனவரியில் வெளியான எதுவும் இதுவரை முதல் பரிசைத் தொட்டதில்லை. ‘மான்ஸ்டர் ஹன்டர்: வேர்ல்ட்’ 2018-இலும் ‘ரெசிடென்ட் ஈவில் 2’ மறுஉருவாக்கம் 2019-இலும் இறுதிப் பட்டியல் வரை வந்து நின்றுவிட்டன. 2023 ஜனவரி 25 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் வெளியான ‘ஹை-ஃபை ரஷ்’ எல்லோராலும் பாராட்டப்பட்டது. ஒலி வடிவமைப்புக்கான பரிசும் வாங்கியது. ஆனால் அந்த ஆறில் அதற்கு இடமில்லை. இதெல்லாம் மறதியின் அடையாளம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மறதி முதலில் விழுங்க வேண்டியது விளம்பரத்துக்குக் காசில்லாத சின்னக் கேம்களைத்தானே? 2024 பிப்ரவரி 20 அன்று, தனியொருவர் உருவாக்கிய ‘பலாட்ரோ’ என்கிற சீட்டுக்கட்டு கேம் வெளியானது. டிசம்பரில் அது ஆண்டின் சிறந்த ஆறில் ஒன்றாக நின்று, மூன்று பரிசுகளோடு திரும்பியது. அக்டோபர் வெளியீடுகள் பட்டியலில் கூடுதலாகத் தெரிவதற்கு, அந்த மாதத்தில் வருபவையே அதிகம் என்பது பெரும்பகுதி விடை. மிச்சமிருக்கும் சாய்வை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பயந்து தேதியை மாற்றும் அளவுக்கு அது பெரிதில்லை.

நமக்கு நெருக்கமான சான்று ‘வெண்பா’ என்ற கேம். டொரண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கி 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 1980-களின் இறுதியில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கறைபட்டு, கிழிந்து, எழுத்து அழிந்திருக்கும். விடுபட்டதை விளையாடுபவர் ஊகித்துச் சமைக்க வேண்டும். முதலில் இட்லி. தட்டுகளை அடுக்கும்போது ஒரு தட்டின் துளைகள் அடுத்த தட்டின் இட்லிகளுக்கு நேராக வரும்படி மாற்றி மாற்றி வைக்க வேண்டும். அப்போதுதான் ஆவி தடையில்லாமல் மேலேறும். நம் வீட்டு அடுப்படியில் யாரும் சொல்லித் தராமல் கை பழகிக்கொள்ளும் இந்த நுட்பம், உலகம் முழுக்க ஒரு புதிராக விளையாடப்பட்டது. அந்த டிசம்பரில் வெண்பா இரண்டு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது. சமூகத் தாக்கத்துக்கான பரிசை நியூ கலிடோனியாவின் வாழ்க்கையைத் தழுவிய ‘சியா’ வென்றது; அது மார்ச்சில் வந்தது. அறிமுக கேமுக்கான பரிசை செப்டம்பரில் வந்த ‘கக்கூன்’ வென்றது; அதே பட்டியலில் ஜனவரியில் வந்த ‘பீட்சா டவர்’ என்ற சின்னக் கேமும் மறக்கப்படாமல் இருந்தது. வெண்பா அத்தோடு முடிந்துவிடவில்லை. 2024 மார்ச்சில் சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதன்மைப் பரிசும், ஏப்ரலில் பிரிட்டனின் பாஃப்டா அறிமுக கேம் விருதும் அதைத் தேடி வந்தன. வெளியான மாதத்துக்கும் வெற்றிக்கும் நேர்க்கோடு போட எவ்வளவு முயன்றாலும் இங்கே கோடு விழவில்லை.

உண்மையில் அடிபடுவது யார் என்றால், கணக்கை மூடியபின் வருபவர்கள். ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்’ 2018 டிசம்பர் 7-இல் வெளியானது; அந்த ஆண்டின் விழா முந்தைய நாளே முடிந்திருந்தது. அடுத்த ஆண்டுப் பட்டியலில் சேர்ந்து, முழுசாக ஓர் ஆண்டு காத்திருந்து, சண்டை கேம் பிரிவில் மட்டும் வென்றது. 2024 டிசம்பர் 9-இல் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ்’ கேம் 2025-இன் முதன்மைப் பட்டியலில் இடம்பெறவில்லை. கணக்கை மூடும் இந்தக் கோட்டின் வலிமை நம் திரையுலகுக்குத் தெரியும். தேசிய விருதுக்கு வெளியீட்டுத் தேதி கணக்கில்லை, தணிக்கைச் சான்றிதழின் தேதிதான் கணக்கு. அதனால்தான் 2011 பொங்கலுக்குத் திரைக்கு வந்த ‘ஆடுகளம்’ 2010-ஆம் ஆண்டுக்கான 58-வது தேசிய விருதுகளில் ஆறு வாங்கியது. நடுவர்களின் நினைவு எப்படி இருந்தாலும், படம் எந்த ஆண்டின் வரிசையில் நிற்கும் என்பதை ஒரு முத்திரைத் தேதி முடிவுசெய்தது.

இதைக் காவிரி டெல்டாவுக்கு விளக்க வேண்டியதே இல்லை. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் 105, 115 நாள் ரகம் போட்ட குறுவை செப்டம்பரிலேயே அறுவடைக்கு வந்துவிடும். மத்திய அரசின் நெல் கொள்முதல் பருவமோ அக்டோபர் 1-இல்தான் பிறக்கும். 2022-க்கு முன்பு புதிய விலையும் அன்றுதான் வந்தது. முந்தி விளைந்த நெல்லுக்குப் பழைய விலை, இல்லையென்றால் களத்திலும் சாலையோரத்திலும் தார்ப்பாய் போர்த்திக் காத்திருப்பது என்றுதான் இருந்தது. இடையில் ஒரு மழை பெய்தால் ஈரப்பதம் கொள்முதல் வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டிவிடும். நெல்லின் தரத்தில் குறையில்லை, வந்த தேதிதான் குறை. 2022-இல் மே 24-ஆம் தேதியே அணை திறக்கப்பட்டு, குறுவை இன்னும் முந்தியது. மாநில அரசு கேட்டு, மத்திய அரசு இசைந்து, செப்டம்பர் 1 முதலே புதிய விலையில் கொள்முதல் தொடங்கியது. சாதாரண ரகத்துக்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 1,940-இலிருந்து 2,040 ரூபாயாக ஏறிய ஆண்டு அது. 40 கிலோ சிப்பம் ஒன்றுக்கு 40 ரூபாய் வித்தியாசம். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் செப்டம்பர் 1 நிலைத்தது. அதற்கும் வெகுகாலம் முன்பே வருவாய்த் துறை ஜூலை 1-இல் தொடங்கும் பசலி ஆண்டை வைத்துக்கொண்டதால் குறுவை, சம்பா, தாளடி மூன்றின் அறுவடையும் ஒரே கணக்கில் அடங்கியது. கோட்டை விளைச்சலுக்கு ஏற்ப இழுக்கலாம் என்பது இந்த மண்ணில் நிரூபணமானது.

எங்கே கோடு போட்டாலும் யாராவது வெளியேதானே நிற்பார்கள் என்பது கடைசி மறுப்பு. உண்மைதான், ஆனால் எல்லாக் கோடும் ஒரே அளவு இழப்பைத் தராது. ஜனவரி முதல் டிசம்பர் வரை முழு ஆண்டையும் கணக்கில் எடுத்து, விழாவை மார்ச்சில் வைத்தால் டிசம்பர் கேமுக்கும் விளையாடிப் பார்க்க மூன்று மாதம் கிடைக்கும். பண்டிகை விற்பனைக்கு முன்னால் விழா வேண்டும் என்று நிறுவனங்கள் விரும்புவது புரிகிறது. அது வியாபாரத்தின் தேவை, தேர்வின் தேவை இல்லை. விழாவை நகர்த்த மனமில்லை என்றால், நடுவர்கள் ஜூன் மாதத்தில் ஒருமுறை கூடி முதல் ஆறு மாதத்துச் சின்னக் கேம்களை எழுதிவைக்கலாம். மறதி இருப்பதாகச் சொல்பவர்களுக்கும் அதுவே பதிலாகும். அதுவரை தமிழில் கேம் உருவாக்குகிறவர்கள் நவம்பர் கடைசியையும் டிசம்பரையும் தவிர்த்தால் போதும். எல்டன் ரிங்கும் பலாட்ரோவும் வந்த பிப்ரவரியைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை.