புதுச்சேரிக்கு எதற்குப் போகிறோம்?

ஓசூரில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் சென்ற மாதம் கல்லாவிக்கு வந்திருந்தார். நிறுவனம் அவரை மூன்று மாதப் பயிற்சிக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பியிருந்தது. சனி, ஞாயிறுகளில் பிராகு, வியன்னா, லிஸ்பன் என்று சுற்றிவந்து எடுத்த படங்களையெல்லாம் கைபேசியில் காட்டினார். நாம் ஐரோப்பா சென்றதில்லை. செல்லும் வாய்ப்பும் இனி அரிது. எனவே ஆவலுடன் பார்த்தோம். படங்கள் முடிந்ததும் அவர் பெருமூச்சுடன் சொன்னார்: "ஐயா, நல்ல கட்டடம் பார்த்து, நல்ல இடத்தில் உட்கார்ந்து இரண்டு நாள் பேசிவிட்டு வருவதற்கு நம் பக்கத்தில் இப்படி ஓர் ஊர் இல்லையே."

"புதுச்சேரி இருக்கிறதே" என்றோம்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அங்கே குடிக்கத்தானே ஐயா போவார்கள்?"

அந்தச் சிரிப்பு நம்மைச் சில நாட்கள் உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்கு மறுமொழியாகவே இதை எழுதுகிறோம்.

அவர் காட்டிய படங்களில் நம்மைக் கவர்ந்தவை அரண்மனைகள் அல்ல, குடிக்கும் இடங்கள். வியன்னாவில் அடால்ஃப் லூஸ் என்னும் கட்டடக் கலைஞர் 1908இல் அமைத்த சிறு மதுக்கூடம் ஒன்று. நம் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிதாக இராது. ஆயினும் சுவரின் மேற்பகுதியில் கண்ணாடிகளைப் பதித்து, அந்தச் சிறிய அறையைப் பெரிய மண்டபம் போலத் தோன்றச் செய்திருக்கிறார். பிராகு நகரில் 1912இல் திறக்கப்பட்ட நகர மாளிகையில் இசையரங்கு, உணவகம், காப்பிக்கடை, மதுக்கூடம் ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ் உள்ளன. லிஸ்பனில் 1905இல் தொடங்கிய 'பிரசிலெய்ரா' காப்பிக்கடையின் வாசலில் கவிஞர் பெசோவா வெண்கலச் சிலையாக அமர்ந்திருக்கிறார். பக்கத்து நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அங்கெல்லாம் குடிக்கும் இடத்தை ஒரு கலைஞன் சிந்தித்துக் கட்டியிருக்கிறான். கதவு தெருவை நோக்கித் திறந்திருக்கிறது. உள்ளே இருப்பவர் எவரும் முகத்தை மறைத்துக்கொள்வதில்லை.

நம் பக்கத்துக் கதை வேறு. 1937 அக்டோபர் முதல் நாள், இராஜாஜியின் அமைச்சரவை சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது சேலம் மாவட்டத்தில். தருமபுரி 1965இலும் கிருஷ்ணகிரி 2004இலும்தான் தனி மாவட்டங்கள் ஆயின. கல்லாவி அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆக, மதுவிலக்கை முதலில் கண்ட மண் நம்முடையது. பின்னர் 1971இல் விலக்கு நீங்கியது, 1974இல் மீண்டும் வந்தது, மறுபடி தளர்ந்தது. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. இத்தனை மாற்றங்களிலும் மாறாத ஒன்று, குடிப்பது ஒளிந்து செய்யும் காரியம் என்ற எண்ணம். ஒளிந்து செய்யும் காரியத்துக்கு எவரும் மண்டபம் கட்டுவதில்லை. கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போதும். நின்றுகொண்டே முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வெளியேறினால் போதும்.

இந்தப் பழக்கத்தைத்தான் நம்மவர் புதுச்சேரிக்கும் சுமந்து செல்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன், மூன்றாம் ஆண்டு தமிழிலக்கிய மாணவர்களைப் புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றோம். 1908 முதல் 1918 வரை பாரதி வாழ்ந்த ஊர். பாரதிதாசன் 1891இல் பிறந்த ஊர். இருவருடைய நினைவில்லங்களையும் காட்டினோம். மாலை ஆறு மணிக்குப் பேருந்தில் எண்ணிப் பார்த்தபோது நால்வர் குறைந்தனர். தேடிச் சென்று ஒரு கடையின் பின்புற அறையில் கண்டோம். சன்னல் இல்லை, ஒரே ஒரு விளக்கு. அவர்கள் குடித்தது நமக்கு அதிர்ச்சியாக இல்லை. குடித்த வேகம்தான் அதிர்ச்சியாக இருந்தது. திருடித் தின்னும் பிள்ளைகளைப் போல் அவசர அவசரமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், பேச்சே இல்லாமல் குடித்துக்கொண்டிருந்தனர்.

செய்தி ஊருக்கு வந்தது. பெற்றோர் ஒருவர் துறைக்கு வந்து அழுதார். அவருடைய அழுகையில் நியாயம் இருந்தது. அதன்பின் புதுச்சேரிக்குக் கல்விச் சுற்றுலா கிடையாது என்று முடிவாயிற்று. அன்று நாமும் தலையசைத்து ஒப்புக்கொண்டோம். அது தவறு என்று இன்று தோன்றுகிறது. அந்த நால்வரும் அந்த ஊரைப் பார்க்கவில்லை என்பதே நம் குறை. பார்க்கக் கற்றுத் தராதது ஆசிரியராகிய நம் குற்றம்.

ஆகவே, நம் பழைய மாணவருக்கு அன்று சொல்ல முடியாமல் போன இரண்டு நாள் திட்டத்தை இங்கே எழுதுகிறோம்.

ஊத்தங்கரையில் விடியற்காலைப் பேருந்து ஏறுங்கள். முன்பு தேசிய நெடுஞ்சாலை 66 என்று எண்ணிடப்பட்டிருந்த சாலை கிருஷ்ணகிரியில் தொடங்கி நம் ஊத்தங்கரை வழியாகச் செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் கடந்து புதுச்சேரியில்தான் முடிந்தது. நம் வீட்டருகே போகும் சாலையின் மறுமுனை அவ்வூர். வழியில் செஞ்சிக் கோட்டையைப் பேருந்திலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். 1750இல் பிரெஞ்சுப் படை பிடித்த கோட்டை அது. 1761இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. மாலையில் அதன் பெயர் மீண்டும் வரும்.

புதுச்சேரியில் இறங்கியதும் கடற்கரைக்கு ஓடாதீர்கள். நகரை நடுவில் பிளக்கும் கால்வாய்க்கு மேற்கே உள்ள தமிழர் பகுதியில் தொடங்குங்கள். வைசியாள் வீதியில் நடந்து பாருங்கள். தெருவோரத்தில் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதன் உட்பக்கம் திண்ணை, உள்ளே முற்றம். வழிப்போக்கன் அமரத் தாழ்வாரம், விருந்தினர் அமரத் திண்ணை, வீட்டார்க்கு முற்றம் என்று மூன்று படிநிலைகள். அதே வீட்டின் மாடியை நிமிர்ந்து பார்த்தால் வளைவுச் சன்னல்களும் சுதை வேலைப்பாடும் கொண்ட பிரெஞ்சுப் பாணி தெரியும். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. இவ்வீதியைச் சீரமைத்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

அடுத்து இரங்கப்பிள்ளை வீதி. துய்ப்ளேக்சுக்குத் துபாசியாக இருந்து, 1736 முதல் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அங்கே உள்ளது. கீழ்த்தளத்தில் மரத்தூண்கள், மேல்தளத்தில் ஐரோப்பியப் பாணித் தூண்கள். 1761 சனவரியில் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அதே மாதத்தில்தான் பிள்ளையவர்களும் மறைந்தார். வென்றவர் நகரை இடித்துத் தரைமட்டம் ஆக்கினர். 1765 முதல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து மீண்டும் கட்டினர். 1755 நிலநடுக்கத்தில் இடிந்த லிஸ்பனையும் அதே காலத்தில்தான் நேர்கோட்டுத் தெருக்களாகக் கட்டிக்கொண்டிருந்தனர். புதுச்சேரியின் நேர்கோட்டுத் தெருக்களோ அதற்கும் முந்தியவை. 1693 முதல் 1699 வரை ஊரை வைத்திருந்த டச்சுக்காரர் வரைந்த திட்டம் அது. லிஸ்பன் தெருக்களை வியந்த நம் மாணவர், ஊத்தங்கரைப் பேருந்து சென்று நிற்கும் ஊரில் அதற்கு மூத்த தெருக்கள் இருப்பதை அறிந்திருக்கவில்லை.

மாலையில் கால்வாயைக் கடந்து கடற்கரைச் சாலைக்கு வாருங்கள். அந்நேரம் அங்கே வாகனங்களை விடுவதில்லை. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களைத் தொட்டுப் பாருங்கள். அவை செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பர். காலையில் தொலைவில் கண்ட கோட்டையின் கல் மாலையில் கைக்கு எட்டுகிறது. அருகே 1836இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம். அதே சாலையில் 'மேரி' என்று ஊரார் அழைக்கும் பழைய நகராட்சி மாளிகை, மஞ்சளும் வெள்ளையுமாகப் புதுப்பொலிவுடன் நிற்கும். மயங்கிவிட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது இருப்பது அதே தோற்றத்தில் எழுப்பி 2021இல் திறக்கப்பட்ட மறுபடைப்பு. இடிந்தபின் கட்டியது நல்லதே. ஆனால் அது விழும்வரை எத்தனை பேர் அதன் முன்னால் நின்று நிமிர்ந்து பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இருட்டிய பிறகு மது அருந்துவோர் அருந்தலாம். ஆனால் இடத்தைத் தேர்ந்து அருந்துங்கள். பழைய மாளிகைகளைச் செப்பனிட்டு உணவகங்களாகவும் விடுதிகளாகவும் ஆக்கியிருக்கிறார்கள். சுய்ப்ரேன் வீதியில் உள்ள வில்லா சாந்தி அவற்றுள் ஒன்று. அதன் முற்றத்தில் ஒரு மாலை முழுதும் நாம் எலுமிச்சைச் சாறு அருந்தியபடி அமர்ந்திருந்தோம். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். தந்தையும் மகளும் மருமகனும் ஆளுக்கொரு கோப்பையுடன் ஏதோ வழக்கைப் பற்றி நெடுநேரம் விவாதித்தனர். யாரும் குரல் உயர்த்தவில்லை. விலை தகரக் கொட்டகையைவிட மிகுதிதான். அதனாலேயே ஒரு கோப்பையை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு பேச வேண்டியிருக்கும். அதுவும் நன்மையே.

மறுநாள் காலை நகருக்குத் தெற்கே நான்கு கிலோமீட்டரில் அரிக்கமேடு செல்லுங்கள். ஆற்றங்கரையில் மரங்களும் சில செங்கற் சுவர்களுமே எஞ்சியுள்ளன. ஆனால் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிகள் உடைந்த ஓடுகளாக அங்கே கிடைத்தன. யவனர் நற்கலங்களில் கொண்டுவந்த மதுவைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியதை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறோம். அந்த மண்ணில் நின்றபோதுதான் அப்பாடல் நமக்கே விளங்கியது. அவ்வூருக்கு ஐரோப்பிய மது வந்து ஈராயிரம் ஆண்டுகள் ஆகின்றன. சாலைவழிச் சலுகை விலைப் புட்டிகள் நேற்று வந்தவை.

திரும்பும் வழியில் அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டா' விடுதியை வெளியிலிருந்தேனும் பாருங்கள். 1930களின் இறுதியில் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்த கான்கிரீட் கட்டடம். இந்தியாவின் நவீனக் கட்டடங்களுள் மிக முந்தியவற்றுள் ஒன்று. அறைகளின் வெளிப்புறம் முழுதும் திறந்து மூடும் கிடைப்பலகைகள். வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. ரேமண்ட் பிறந்தது இன்றைய செக் நாட்டில், படித்தது பிராகில். நம் மாணவர் தேடிப்போன பிராகு இங்கே ஒரு தெருவில் நிற்கிறது.

கல்லூரி ஆசிரியர் மதுக்கூடத்துக்கு வழி சொல்லலாமா என்று சில அன்பர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வியே. குடி அழித்த குடும்பங்கள் நம் ஊரிலும் உள்ளன. 2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. குடிக்காதவரைக் குடியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. குடிப்பவரும் அங்கிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பக் கூடாது. பேருந்தில் போகச் சொல்வதற்கு அதுவே முதற்காரணம். ஆனால் இதையும் எண்ண வேண்டும். நம் தகடூர் அதியமான் இறந்தபோது ஔவை பாடிய கையறுநிலையில், சிறிதளவு கள் கிடைத்தாலும் பெரிதளவு கிடைத்தாலும் அவன் நடந்துகொண்ட முறையைத்தான் முதலில் நினைவுகூர்கிறாள். அங்கே கள் அன்று. பகிர்ந்துண்ட பண்பே பொருள். ஒரு பெண்பாற் புலவரும் மன்னனும் வெளிப்படையாக அமர்ந்து பேசிய அவை அது. சன்னலில்லாத அறையில் நம் மாணவர் நால்வர் பேச்சின்றிக் குடித்ததற்கும் அந்த அவைக்கும் உள்ள தொலைவு நம்மை வருத்துகிறது. தடை போட்டு அத்தொலைவைக் குறைக்க முடியாது.

தமிழர் பகுதித் திண்ணை வீடுகள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன. ஒவ்வொரு முறை செல்லும்போதும் ஏதேனும் ஒரு தாழ்வாரம் இருந்த இடத்தில் இரும்புக் கதவுடன் புதிய அடுக்குமாடி எழுந்திருக்கிறது. வீட்டைக் காப்பது உரிமையாளருக்குச் செலவு. அதைப் பார்க்க ஒருவரும் வராவிடில் அவர் எதற்காகக் காக்க வேண்டும்? வெள்ளைக்காரர் வந்து பார்க்கிறார். ஊத்தங்கரையிலிருந்து வருகிறவன் பார்ப்பதில்லை.

அடுத்த கல்வியாண்டில் அந்தச் சுற்றுலாவை மீண்டும் கேட்டு விண்ணப்பம் எழுதியுள்ளோம். இம்முறை பயணத்துக்கு முன் இரண்டு வகுப்புகள் திண்ணையைப் பற்றியும் அரிக்கமேட்டைப் பற்றியும் நடத்துவதாகவும், இரவில் மாணவருடன் நாமே தங்குவதாகவும் எழுதியிருக்கிறோம். அனுமதி கிடைக்குமா என்பது தெரியாது. கிடைக்காவிட்டால், ஓசூர் மாணவரை மட்டுமாவது ஒரு சனிக்கிழமை அழைத்துப் போவோம். அவர் சிரிப்பதற்கு முன் வைசியாள் வீதியில் அரை மணி நேரம் நடக்கட்டும்.