சின்ன நாய்க்குப் பால்சோறு போதுமா?

ஆரணியில் பொமரேனியன் குட்டி வாங்குகிறவர்களுக்கு நண்பர் ஒருவர் அறிவுரை எழுதியிருக்கிறார். நம் ஊர் அரிசிக்குப் பேர்போன ஊர். பாலும் சோறும் பிசைந்து காலையிலும் இரவிலும் வைத்தால் போதும். சின்ன நாய்க்குச் சின்ன வயிறு. குட்டிக்கென்று தனி உணவு வேண்டும் என்பதெல்லாம் கம்பெனிக்காரர்களின் வியாபாரம். இதுதான் அவர் வாதம். இதில் வயிறு சின்னது என்பது உண்மை. அந்த உண்மையிலிருந்து அவர் எடுத்த முடிவு குட்டியைக் கொல்லக்கூடியது.

கால்நடை மருத்துவர்கள் எடையை வைத்துப் போடும் கணக்கைப் பார்ப்போம். மூன்று மாதம் நிரம்பாத, ஒன்றரைக் கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 285 கலோரி தேவை. கிலோவுக்கு 190 வருகிறது. வளர்ந்து முடிந்த 30 கிலோ லாப்ரடாருக்கோ கிலோவுக்கு 50 கலோரிகூட வேண்டாம். உடல் சிறுத்தால் தேவையும் சிறுத்துவிடும் என்று நண்பர் நினைக்கிறார். எடைக்கு எடை பார்த்தால் நான்கு மடங்கு கேட்கிறது அந்தக் குட்டி.

இதைப் பால்சோற்றால் நிரப்ப முயன்றால் என்ன ஆகும்? பாதிக் கலோரி சோற்றிலும் பாதி பாலிலும் என்று வைத்துக்கொண்டால் 110 கிராம் சோறு, 215 மில்லி பசும்பால். குட்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு! அதை இரண்டே வேளையில் அந்தச் சின்ன வயிற்றில் திணிக்கச் சொல்கிறார். அப்படித் திணித்தாலும் கிடைக்கும் புரதம் சுமார் 10 கிராம். வளரும் குட்டிக்கு அந்தக் கலோரி அளவுக்கு 16 கிராமாவது வேண்டும்.

பால் எலும்புக்கு நல்லது என்ற வாதத்தையும் சேர்த்தே பார்த்துவிடுவோம். இந்தக் குட்டிக்கு நாளொன்றுக்கு 850 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 மில்லி பசும்பாலில் இருப்பது சுமார் 120. பாலை மட்டும் நம்பினால் 700 மில்லி குடிக்க வேண்டும். தன் எடையில் பாதி. அதற்குள் பாலில் உள்ள லாக்டோஸ் வயிற்றைக் கலக்கிவிடும். நாய்ப்பாலில் லாக்டோஸ் குறைவு. புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். தாய்ப்பாலுக்கு ஈடு என்று பசும்பாலை ஊற்றுகிறவர்கள் வயிற்றுப்போக்கைத்தான் ஊற்றுகிறார்கள்.

எனக்கு மிகவும் கோபமூட்டியது இரண்டு வேளைக் கணக்கு. சிறிய இனக் குட்டியின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. நான்கு மாதத்துக்குள் ஒரு வேளை தவறினாலே ரத்தச் சர்க்கரை விழலாம். குட்டி தள்ளாடும், நடுங்கும், வலிப்பு வரும், சில மணி நேரத்தில் செத்தும் போகும். தள்ளாட்டம் கண்டவுடன் ஈறில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். அதனால்தான் உணவை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். நான்கு வேளை யாரால் போட முடியும் என்று நண்பர் கேட்கிறார். வீட்டிலேயே தறி வைத்திருக்கும் ஊரில் இப்படிக் கேட்கலாமா? விடிந்தது முதல் பொழுது சாயும்வரை வீட்டில் ஆள் இருக்கும் ஊர் இது. பாவில் விட்ட பிழையை ஊடையில் சரிசெய்ய முடியாது என்பது நெசவாளிக்குத் தெரியும். வளரும் மாதங்களில் எலும்புக்குக் கிடைக்காமல் போனதும் அப்படித்தான். சிறிய இனங்கள் பத்து, பன்னிரண்டு மாதத்தில் வளர்ந்து முடிந்துவிடுகின்றன. பிறகு ஊட்டி என்ன பயன்?

தெருநாய்கள் எச்சில் சோற்றில் வளரவில்லையா என்கிறார். வளர்ந்தவை மட்டும்தான் அவர் கண்ணில் படுகின்றன. மேற்கு வங்கத்தில் 364 தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. ஏழு மாதம் கண்டவை 19 விழுக்காடு. இறந்தவற்றுள் பெரும்பகுதி மனிதர்களால் இறந்தது என்பதையும் அந்த ஆய்வு சொல்கிறது. எல்லாப் பழியையும் உணவின் மீது போட நான் வரவில்லை. ஆனால் ஐந்தில் நான்கு சாகும் வாழ்க்கையை வீட்டுக் குட்டிக்கு முன்மாதிரி என்று காட்டுவது பொறுப்பற்ற பேச்சு.

கம்பெனி வியாபாரம் என்பதில் ஓரளவு நியாயம் உண்டு. பையில் உள்ள படம் எதற்கும் சான்று அல்ல. வளரும் குட்டிக்கான முழு உணவு என்று பையில் எழுதியிருக்கிறதா, புரதமும் கால்சியமும் எவ்வளவு என்று படித்து வாங்க வேண்டும். வளர்ந்த நாய்க்கான பையைக் குட்டிக்குப் பிரிக்கக் கூடாது. ஒன்றரைக் கிலோ குட்டிக்கு உலர் உணவு நாளுக்குச் சுமார் 75 கிராம், மாதத்துக்கு இரண்டேகால் கிலோ. குடும்பத்தைக் கடனில் தள்ளும் செலவு என்று அவர் எழுதியது மிகை.

வீட்டுச் சமையலே வேண்டுமென்றால் தாராளமாகச் செய்யலாம். சோறு பகையில்லை, ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் அதிகம் என்று 2013இலேயே கண்டறிந்துவிட்டார்கள். குழைந்த சோற்றோடு வேகவைத்த கோழியும் முட்டையும் பூசணியும் சேரட்டும். கோழிக்கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே கால்சியம் எவ்வளவு சேர்ப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வேகவைத்த எலும்பு பிளந்து குடலைக் குத்தும், போடாதீர்கள். மீந்த சாம்பாரை ஊற்றச் சொல்கிறாரே, அதில் வெங்காயம் இருக்கிறது; நாலைந்து சின்ன வெங்காயமே இந்த எடைக் குட்டியின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கப் போதும். தறிக்கடியில் விழும் பட்டு நூல் துண்டுகளையும் பெருக்கி எடுங்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருட்டி அறுத்துவிடும்.

குட்டி வாங்கியிருப்பவர்களே, நண்பரின் அறிவுரையை ஒதுக்கிவையுங்கள். இந்த வாரமே குட்டியை அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போய் எடை போடுங்கள். எத்தனை வேளை, எத்தனை கிராம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.